மணல் பாப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அத்தான் போனில் சொன்னார் என்று இவர் சொன்னார். ரயிலில் அழுதாளா? உன் முதுகுவலி எப்படி? நான் நலம். அப்படித்தானே தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன்.

நானே ஏன் போனுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வாய் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது. நான் பேசுவதை நானே கேட்க வேண்டியிருப்பதுதான் கஷ்டம். காகிதத்தில் பழைய மாதிரியே பேச வருகிறது. அதனால் நாம் எழுதிக்கொள்வோம்.

புதிய பிசியோ அம்மா நேற்று வந்தாள். இனி வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வருவாள். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. இவர் அதற்குள் 'மிலிட்டரி' என்று பெயர் வைத்துவிட்டார். உட்கார்ந்ததும், "முதல்ல கதையைச் சொல்லும்மா, கையை அப்புறம் பாக்கலாம்" என்றாள். சொன்னேன். பிரசவமான மூன்றாம் வாரம் பக்கவாதம். கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது, இடது கை திரும்பவில்லை. போன மாதம் குளிப்பாட்டிய பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தபோது அந்தக் கையும் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அது பிடிக்கவில்லை. பக்கத்தில் கட்டில் இருந்ததால் பாப்பா மெத்தையில் விழுந்தாள். ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் தரை.

"பிடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"பிடிச்சிருக்கும்னு நம்பிட்டேன்."

"இனிமே நம்பாதே. பாரு."

பிறகு, இந்தக் கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். என் மகளைத் தூக்க வேண்டும் என்றேன். கட்டிலிலிருந்து எடுத்து, ஜன்னல் வரை நடந்து, தெருவைக் காட்டி, திரும்பி வந்து, பதறாமல் கட்டிலில் விட வேண்டும். இரண்டு கையாலும். அதுவரை அவளைத் திருப்பித் தா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். இது யாரும் எனக்குப் போட்ட சட்டமில்லை, நானே போட்டுக்கொண்டது. உனக்கும் இப்போது சொல்லிவிட்டேன்.

"சரி, பிள்ளை என்ன எடை?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, அக்கா.

நீ நாள் முழுக்க பார்சல் ஆபீஸில் ஊரார் மூட்டையை எடை போடுகிறவள். கடிதம் எழுதும்போதெல்லாம் என் மூட்டையையும் தராசில் வைத்து எடையை எழுது. அந்த எடைக்கு மணல் நிரப்பி ஒரு பை தைத்துப் பழகச் சொல்கிறாள் மிலிட்டரி. பையோடு ஜன்னல் வரை போய்த் திரும்பிவிட்டேன் என்றால் மறுநாளே ரயில் ஏறிவிடுவேன்.

அத்தானுக்கு என் அன்பு. அவர் படங்களுக்குச் சட்டம் அடிக்கிற சத்தத்தில் பாப்பா தூங்குகிறாளா?

உன்,
சின்னவள்

பிப்ரவரி 15

சின்னவளே,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததே பாதி நிம்மதி. என் முதுகைப் பற்றிக் கேட்டாய். அது என் கூடப் பிறந்ததில்லை, ஆனால் கூடவே இருக்கிறது. அத்தான் நலத்துக்குக் குறைவில்லை.

பாப்பா ரயிலில் அழவில்லை. உன் பழைய துப்பட்டாவைப் போர்த்தியிருந்தேன், அதை மென்றுகொண்டே வந்தாள். பகலில் அத்தானோடு இருக்கிறாள். அவர் முன்னறையில் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறார், இவள் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு முறை கண்ணைச் சிமிட்டுகிறாள். ஆணியை நிறுத்தினால்தான் அழுகை. ஆபீஸ் தெருக்கோடியில்தானே, மதியம் நான் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ சொன்னபடி சனிக்கிழமை ஆபீஸுக்குத் தூக்கிப் போனேன். தராசுத் தட்டில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தேன். எங்கள் கட்டுக்காரர் பொட்டலம் கட்டுகிற கயிற்றோடு வந்து நின்று, "என்னம்மா, இந்தப் பார்சலுக்கு விலாசம் ஒட்டலையே! எந்த ஊருக்குப் போவுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஐந்து கிலோ எழுநூறு. கம்பளியைக் கழித்துவிட்டேன். எங்கள் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் நான் வீட்டுக்கு அனுப்பப்படுவேன், அதனால் தைரியமாக மணல் அள்ளு.

அவசரப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் இருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகம்தானே? இங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நானும் அதே மாதிரிதான் இருக்கிறேன்.

பயிற்சி என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேஜை மேல் துண்டை விரித்து, அதன் மேல் இடது கையை வைத்து, முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது. எங்கள் மேஜை இவ்வளவு பளபளப்பாக என்றைக்கும் இருந்ததில்லை. அடுத்தது, சுவரில் விரல்களால் மேலே நடப்பது. என் விரல்கள் நடக்கவில்லை, தவழக்கூட இல்லை. பாப்பா குப்புறக் கவிழ்கிறாளா? நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படிக்கிறோம் போலிருக்கிறது. அவள் எனக்கு முன்னால் தேறிவிடுவாள்.

நல்ல கைக்கு மிலிட்டரி ஒரு கையுறை கொண்டுவந்திருக்கிறாள். தடித்தது, விரல் இல்லாதது. காலை முழுவதும் அதைக் கழற்றக் கூடாது. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் கெட்ட கை வேலை செய்யுமாம். வீட்டில் மூத்தது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவரை சின்னது சோம்பேறியாகவே இருக்கும் என்று விளக்கினாள். உடனே உன் நினைவு வந்தது. கோபிக்காதே.

கையுறை மாட்டியிருக்கும்போது எழுத முடியாது, அதனால்தான் தாமதம். நூலகத்தில் இப்போது என் இடத்தில் வேலை பார்க்கிறவள் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்துப் படிக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் கை வருகிற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. கைகொடுத்தான், கைவிட்டான், கைகூடியது. இத்தனை நாள் எவ்வளவு அலட்சியமாகப் படித்திருக்கிறேன்.

ஒரு விநோதம் கேள். நான் தலைகீழாக நின்றாலும் அசையாத இந்தக் கை, கொட்டாவி விட்டால் தானாக மார்பு வரை எழும்புகிறது! கொட்டாவி முடிந்ததும் விழுந்துவிடுகிறது. இவர் பார்த்துவிட்டு, "அப்ப உனக்கு போரடிச்சாப் போதும், கை சரியாயிடும். லிஃப்ட் எப்படி ரிப்பேர் பண்றதுன்னு தினம் ஒரு மணி நேரம் சொல்றேன், கேளு" என்றார். சிரித்தேன். பிறகு, என் பேச்சைக் கேட்காத கை வேறு யார் பேச்சையோ கேட்கிறதே என்று பயமாக இருந்தது.

இவர் வேலை செய்யும் கட்டிடத்திலிருந்து மணல் கொண்டுவந்து, தலையணை உறையில் நிரப்பி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீ எழுதிய எடையில் பாதிதான் இப்போதைக்கு. மிலிட்டரி அதற்கு 'மணல் பாப்பா' என்று பெயர் வைத்திருக்கிறாள். அதைத் தொட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.

உன்,
சின்னவள்

மார்ச் 30

சின்னவளே,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நாங்கள் சுகம். பாப்பா சுகத்துக்கு மேல் சுகம்.

கவிழ்ந்துவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சாய்ந்து முக்கினாள், முனகினாள், டப்பென்று குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, தானே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தாள். அத்தானைக் கூப்பிட்டேன். அவர் பசைக் கையோடு ஓடி வருவதற்குள் மல்லாந்துவிட்டாள். "நீ பொய் சொல்ற" என்றார். சாயங்காலம் வரை வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே காத்திருந்தார், மனிதர்.

கீழே ஒரு பல் வெள்ளையாகத் தெரிகிறது. குளிக்க வைத்தால் தண்ணீரை அடிக்கிறாள். தலைமுடி சுருள்கிறது. உன் முடிதான். தூங்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறாள், எடுத்தால் விழித்துக்கொள்கிறாள். அதனால் நான் அசையாமல் படுத்திருக்கப் பழகிவிட்டேன். முதுகுவலிக்கு அது நல்லது என்று அத்தான் சொல்கிறார், அவருக்கென்ன தெரியும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் இவ்வளவு துணி காய்ந்ததில்லை.

ஆறு கிலோ முந்நூறு.

உன் அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: தூக்கிவிட்டேன்.

முழு எடை. நீ கடைசியாக எழுதியதற்கு மேல், வளர்ந்திருப்பாளே என்று இன்னும் கொஞ்சம் மணல் போட்டு, ஏழு கிலோ. கட்டிலிலிருந்து எடுத்து ஜன்னல் வரை போய்விட்டேன். முழங்கை மடங்குகிறது. விரல்கள் தானாக விரிவதில்லை. ஒவ்வொன்றாக வலது கையால் விரித்து, பைக்கு அடியில் வைத்து அழுத்திவிட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே எழுந்தேன். தெருவைக் காட்டினேன். மணலுக்குத் தெருவைக் காட்டினேன் என்றால் நீ சிரிப்பாய். "பாரு, பால் வண்டி" என்றேன். திரும்பி வரும்போது பாதி வழியில் கை நழுவியது. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது, ஆனால் தரையில்.

மிலிட்டரி பையை எடுத்துத் தட்டி, என் மடியில் வைத்து, "அடுத்த மாசம்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம், அக்கா! பாப்பாவின் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டத் தொடங்கிவிடாதே, ஆனால் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வை.

இப்போது என்ன எடை? பை ஏழில் இருக்கிறது, சரிதானே? உடனே எழுது.

உன்,
சின்னவள்

ஜூன் 25

சின்னவளே,

நலமா? உடனே எழுதச் சொன்னாய், ஆறு வாரம் ஓடிவிட்டது. ஆபீஸில் ஆள் குறைவு, வீட்டில் வெள்ளையடிப்பு, நடுவில் என் முதுகு. ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

நீ தூக்கினாய் என்று படித்ததும் சந்தோஷம். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஆணியை எடுத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அன்று முழுக்க அடித்தார்.

பயணத்துக்கு இது ஏற்ற காலமில்லை. ரயிலெல்லாம் அடுப்பு மாதிரி இருக்கிறது. பல் முளைக்கிற பிள்ளையை இடம் மாற்றினால் வயிறு கெடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் முழுசாகத் தேறிக்கொள். ஒரு தடவை விழுந்த பிள்ளை. இன்னொரு தடவை என்றால் உன்னாலேயே தாங்க முடியாது. இதைச் சொல்கிறேன் என்று மனசு கோணாதே. அக்கா சொல்லாமல் யார் சொல்வது.

எடை கேட்டாய். பாப்பா திடீரென்று ஊதிவிட்டாள். எட்டு கிலோ எண்ணூறு.

உன் அக்கா

(உன் அத்தான் எழுதுவது: கண்ணாடி கேட்டிருந்தாயாம், நல்ல கையைக் காட்டி மற்றக் கையை ஏமாற்றுகிற பயிற்சிக்கு. சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். பாப்பா ஒல்லிதான், ஆனால் எறும்பு மாதிரி ஓயாமல் நகர்கிறாள். சமாளிக்க நீ வேகமாக வர வேண்டும்.)

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? வெள்ளையடித்த வீடு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த அன்று இவரிடம் உடனே இன்னும் மணல் போடச் சொன்னேன். பையைக் கட்டிலிலிருந்து எழுப்பவே முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எட்டு எண்ணூறா என்று மிலிட்டரி நம்பவில்லை. "என்ன பிள்ளைம்மா அது, இந்த மூணு மாசத்துல இப்படி ஏறுது? நான் சொல்ற அளவுக்குப் போடு, போதும்" என்றாள். எங்கள் அக்காவின் தராசு என்று ஒன்று இருக்கிறது, அது பொய் சொல்லாது என்றேன். அத்தான் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிகிறாளாம். ஆணியைப் பார்த்த கண்ணுக்கு எல்லாமே ஒல்லிதான் என்று சொல்.

நீ எழுதியது சரிதான். ஒரு தடவை விழுந்த பிள்ளை. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் படிக்க வரவில்லை. கரண்டியை எடுத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். காலையும் மாலையும் பைதான். மிலிட்டரி போன பிறகும் பைதான்.

அக்கா, நேற்று எழுந்துவிட்டது! ஜன்னல் வரை போய், திரும்பி, கட்டிலில் விடுவதற்குக் குனியும்போதுதான் இவர் வந்து பிடித்தார். அது கணக்கில் சேராது. ஆனால் இன்னும் சில வாரம்தான். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன்.

பாப்பா பேசுகிறாளா? என்ன சொல்கிறாள்?

உன்,
சின்னவள்

ஆகஸ்ட் 16

சின்னவளே,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம்.

பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. சத்தம்தான். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா.

பத்து கிலோ நானூறு. நல்லபடியாகச் சாப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் அத்தான் வீட்டில் இருக்க மாட்டார், சரக்கு எடுக்கப் போகிறார். கொஞ்சம் பொறுத்து வா. பிள்ளை எங்கும் ஓடிப்போகவில்லை.

உன் அக்கா

செப்டம்பர் 8

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது.

நீங்களும் அண்ணனும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

போன வாரம் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. பலமில்லாத தோளில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதால் மூட்டு நழுவிவிட்டது என்றார் டாக்டர். இப்போது கையைத் தூளி போட்டுக் கழுத்தோடு கட்டியிருக்கிறது. பிசியோ அம்மா என்னைத் திட்டினார். "கம்பி தாங்காத லிஃப்டுல ஆளை ஏத்துவியா நீ? அப்புறம் ஏன் பார்த்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

வலியைப் பற்றி அவள் பேசவே இல்லை. "பத்து கிலோவை என்னால தூக்க முடியாது, பாப்பா அக்காகிட்டயே இருக்கட்டும்" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சாப்பிடுவதும் குறைவு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளைக்குக் கடிதத்தில் எடை எழுத வேண்டாம். பாப்பாவின் கதை எதையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

செப்டம்பர் 25

சின்னவளே,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதவே பயமாக இருக்கிறது, உன் பதில் வராததால்.

பாப்பாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு ரொம்ப இளைத்துவிட்டது. எடை நிறையவே குறைந்துவிட்டது, சின்னவளே. இனி அவ்வளவு மணல் வேண்டாம். அவ்வளவு எடை அவள் இல்லை. பாதியைக் கொட்டிவிடு. இன்றைக்கே கொட்டிவிடு.

தோளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா நலம். என் தோள் பரவாயில்லை. நீங்கள் இருவரும் சாப்பிடுகிறீர்களா?

நான் அங்கே வந்த அன்று, நீ ஆபீஸிலிருந்து வருவதற்குள் நடந்ததை அத்தான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

காய்ச்சல் என்று உன் கடிதத்தில் பார்த்த மறுநாளே ரயில் ஏறினேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானே கிளம்பிவிட்டேன். தூக்க முடியுமா என்று யோசிக்கவில்லை. தூக்குவதற்காக வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன். அத்தான் கதவைத் திறந்தார். "காய்ச்சல் எப்படி இருக்கு அத்தான்?" என்றேன்.

"காய்ச்சலா? யாருக்கு?"

அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா... இருந்துச்சு... இப்ப இல்ல" என்றார். வாயில் ஆணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் முன்னறையில் மரத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினாள்.

நான் கையைக் கட்டியிருந்த தூளியைக் கழற்றினேன். அத்தான் வேண்டாம் என்றார். முட்டியை மடக்கி, இடது கை விரல்களை விரித்து, அவளுக்கு அடியில் வைத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே தூக்கினேன். காய்ச்சலில் இளைத்திருந்தால்கூட ஒன்பதாவது இருக்கும் என்று என் கை தயாராக இருந்தது. தண்ணீர் இருக்கிறது என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கினால் கை எப்படி மேலே பறக்கும், அப்படிப் போனது. பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டேன்.

முதலில் கைதான் பொய் சொல்கிறது என்று நினைத்தேன், அதற்குத்தான் பழக்கம் உண்டே. அவளை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். இந்தக் கைக்குச் சூடு தெரியாது, அக்கா. மேஜை முனையில் இடித்தால் தெரியாது. ஆனால் மாதக்கணக்காக அந்தப் பையைத் தூக்கித் தூக்கி, எடை மட்டும் அதற்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரக் காய்ச்சலில் போகிற எடை இல்லை அது. ஓர் ஆரோக்கியமான ஒல்லிப் பிள்ளையின் எடை.

தோள் வலித்தது. ஆனாலும் ஜன்னல் வரை நடந்தேன். அத்தான் இரண்டு கையையும் ஏந்தியபடி பின்னாலேயே வந்தார். தெருவைக் காட்டினேன். "பாரு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. தெருக்கோடியில் நீ வருவதை அவள்தான் முதலில் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, "ம்மா" என்றாள். இன்னும் பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தாயே. இரண்டாவது தடவை இன்னும் சத்தமாகச் சொன்னாள். நீ நிமிர்ந்து, ஜன்னலில் எங்கள் இருவரையும் பார்த்து, தெருவிலேயே நின்றுவிட்டாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாய். ஸ்டேஷனுக்கு அத்தான்தான் வந்தார்.

ரயிலில் குரல் கம்மிப்போகும் வரை அழுதாள். எதிரே இருந்த அம்மா ஒருத்தி, "பாவம், அம்மாவைத் தேடுதா? நீங்க யாரு, சித்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

இங்கே வந்தும் ஜன்னலை விட்டு வர மாட்டேன் என்கிறாள். நான் தூக்கினால் விறைத்துக்கொள்கிறாள், இறக்கிவிட்டால்தான் அடங்குகிறாள். கொட்டாவி விட்டு என் கை எழும்பினால் மட்டும் நின்று பார்க்கிறாள்.

மணல் பாப்பாவுக்கு இனி இங்கே இடமில்லை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன், உன் ஆபீஸ் விலாசத்துக்கு. நீ கொட்டச் சொன்னாய், நான் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. நீயே எடை போட்டு வாங்கிக்கொள்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

சின்னவள்

நவம்பர் 12

சின்னவளே,

நீ, உன் வீட்டுக்காரர், பாப்பா, மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பார்சல் வந்தது. கட்டுக்காரர்தான் இறக்கினார். "என்னம்மா, உங்களுக்கேவா! கல்லா, மண்ணா?" என்றார். மண்தான் என்றேன். அவரே தராசில் வைத்தார். சாக்கைக் கழித்துப் பார்த்தேன். ஆகஸ்டில் நான் உனக்கு எழுதியது, கிராம் பிசகவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். "அந்தச் சின்னப் பார்சலைக் காணோமே?" என்று கேட்டார். விலாசத்துக்குப் போய்விட்டது என்றேன்.

அத்தானை வரச் சொல்லாமல் நானே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஆபீஸிலிருந்து வீடு ஒரு தெருதானே. ஆனாலும் நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்தேன். எனக்கு இரண்டும் நல்ல கை.

உறையில் ஒரு பக்கம் மட்டும் துணி தேய்ந்து நூல் தெரிகிறது. உன் இடது கை பிடித்த பக்கமாக இருக்கும். கட்டிலில் வைத்திருக்கிறேன். "கொட்டிடவா?" என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் இப்போது முன்னறையில் அவ்வளவாக ஆணி அடிப்பதில்லை.

பாப்பாவுக்குத் தூக்கம் வராவிட்டால் சுண்டுவிரலைக் கொடு. பிடித்துக்கொள்வாள். இடது கைச் சுண்டுவிரலைக் கொடு. அவள் பிடித்தது உனக்குத் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிரு.

பக்கத்தில் எங்காவது தராசு இருந்தால் அவள் எடையை ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். நீ எந்த எண்ணை எழுதினாலும் நம்புகிறேன்.

அக்கா